கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ப்ராம்ப்ட்ல ஏன் சார் பெட்டி பெட்டியா வருது?

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பெரும்பாலானது டெர்மினல்ல, அதாவது கமாண்ட் அடிக்கற அந்தக் கறுப்புத் திரையில, எழுத்து சரியா தெரியலைங்கற புகார்தான். நாம கமாண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அதுல வந்து நிக்கற வரிதான் ப்ராம்ப்ட். பிரிண்டர், வைஃபை கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், நான் பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்ல பி.ஜி.ல தங்கி வேலைக்குப் போறேன், சொந்த ஊர் திண்டுக்கல். ஆபீஸ் லேப்டாப் விண்டோஸ் 11, அதுக்குள்ள, விண்டோஸ்லயே லினக்ஸ் ஓட்டற டபிள்யூ.எஸ்.எல்.ல உபுண்டு. டீம்ல எல்லாரோட டெர்மினலும் கலர் கலரா அம்பு, கிட் பிராஞ்ச் ஐகான்னு ஜோரா இருக்கேன்னு நானும் ப்ராம்ப்ட்டை அலங்கரிக்கற ஸ்டார்ஷிப் போட்டேன், எனக்கு மட்டும் ஐகான் இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் வெறும் பெட்டி. ஐகானுங்களும் சேர்ந்து வர்ற நெர்ட் ஃபான்ட் ஒண்ணை டவுன்லோட் பண்ணி உபுண்டுல ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டு, ஃபான்ட் லிஸ்ட்டைப் புதுப்பிக்கற எஃப்சி-கேஷும் ஓட்டிட்டேன், எஃப்சி-லிஸ்ட்ல பேர் வருது, பெட்டி மட்டும் போகல. சீனியரைக் கேட்டா நீ லாகின் பண்ற சர்வர்லயும் அந்த ஃபான்ட்டைப் போடணும்ங்கறார். நிஜமாவா?

பதில்: இல்ல தம்பி. சீனியர் சொன்னது தப்பு, ஆனா நான் சொன்னேன்னு அவர்கிட்ட போய் நிக்காதீங்க.

சர்வர் எங்க வேணா இருக்கட்டும், உபுண்டு உங்க லேப்டாப் உள்ளயே இருக்கட்டும், அது அனுப்பறது ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண் மட்டும்தான். அந்த எண்ணைப் பார்த்து ஸ்க்ரீன்ல படம் வரையறது டெர்மினல் எமுலேட்டர், அதாவது உங்க முன்னாடி திறந்திருக்கற டெர்மினல் ஆப். உங்க கேஸ்ல அது விண்டோஸ் டெர்மினல். அதுக்கு உபுண்டு உள்ள இருக்கற ஃபான்ட் கண்ணுக்கே தெரியாது, நீங்க எத்தனை தடவை எஃப்சி-கேஷ் ஓட்டினாலும் அது உபுண்டுக்குள்ள நடக்கற சமாச்சாரம். அதனால அதே ஃபான்ட் ஃபைலை விண்டோஸ் பக்கம் கொண்டு வந்து, ரைட் கிளிக் பண்ணி எல்லா யூசருக்கும் இன்ஸ்டால் குடுங்க. அப்புறம் விண்டோஸ் டெர்மினல் செட்டிங்ஸ்ல உபுண்டு ப்ரொஃபைலைத் திறந்து, அப்பியரன்ஸ்ல ஃபான்ட் பேரை மாத்துங்க. டெர்மினல் விண்டோ எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி திறங்க, டேப் மட்டும் மூடினா சில சமயம் பழசுதான் நிக்கும்.

இங்க நிறைய பேர் ஒரு இடத்துல சறுக்குவாங்க. ஃபான்ட் லிஸ்ட்ல 'ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ'ன்னு ஒண்ணு இருக்கும், 'ஜெட்பிரெய்ன்ஸ்மோனோ நெர்ட் ஃபான்ட்'னு இன்னொண்ணு இருக்கும், அவசரத்துல முதல்ல கண்ணுல பட்டதை செலக்ட் பண்ணிடுவாங்க. அது ஒரிஜினல் ஃபான்ட், ஐகான் ஒட்டினது இல்ல. அப்ப என்ன ஆகும்னா ப்ராம்ப்ட்ல அம்பு மட்டும் ஒழுங்கா வரும், ஃபோல்டர் ஐகான், பைதான் ஐகான் எல்லாம் பெட்டியா நிக்கும், நீங்களும் பாதி வேலை செய்யுதே பாதி ஏன் செய்யலன்னு மண்டையைப் பிச்சுப்பீங்க. அம்பு வர்றதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. பவர்லைன்ங்கற இந்த ப்ராம்ப்ட் அம்புங்களை நிறைய ஃபான்ட்டுங்க தாங்களே வெச்சிருக்கு, கிட்டி மாதிரி சில டெர்மினலுங்க ஃபான்ட்டைக் கேக்காமலே அதை வரைஞ்சும் விட்டுடும்.

சரி, எங்க கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஸ்டார்ஷிப்பை எல்லாம் தள்ளி வெச்சுட்டு பிரிண்ட்எஃப் கமாண்டுல மேற்கோள் குறிக்குள்ள பேக்ஸ்லாஷ், சின்ன யூ, அது கூடவே ஈ0பி0 அடிச்சு என்டர் தட்டுங்க. வலது பக்கம் பார்த்த முழு முக்கோணம் வரணும். ஈ0ஏ0 அடிச்சா கிட் பிராஞ்ச். ஆனா இப்பதான் சொன்னேன், இந்த ரெண்டும் ஃபான்ட் இல்லாமலே வந்து ஏமாத்தும், அதனால ஐகானுக்குன்னு இருக்கற எண் ஒண்ணையும் சேர்த்துப் பாருங்க, எஃப்07பி அடிச்சா ஃபோல்டர் படம் வரணும். மேக்ல இருக்கற பழைய பாஷ் 3.2-க்கு இந்த பேக்ஸ்லாஷ் யூ புரியாது, அங்க இசட்எஸ்எச்-ல பண்ணுங்க (ரெண்டுமே நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற ஷெல்).

வந்த விதத்தைப் பார்த்தே பாதி வியாதி தெரிஞ்சுடும். பெட்டி வந்தா சந்தோஷப்படுங்க, எண் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு, படம்தான் இல்ல, ஃபான்ட் மாத்தினா தீர்ந்துச்சு. கேள்விக்குறியோ வைரக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறியோ வந்தா அது ஃபான்ட் பிரச்சனையே கிடையாது, எண் வழியிலேயே செத்துப்போச்சு. ஒரு ஐகான் வர வேண்டிய இடத்துல கன்னாபின்னான்னு மூணு எழுத்து வந்தா, எழுத்தோட எண்ணை பைட்டா மாத்தற யூ.டி.எஃப்-8 முறையில அந்த ஐகான் மூணு பைட்டா வருது, நடுவுல யாரோ அதை ஒவ்வொரு பைட்டா தனித்தனி எழுத்துன்னு படிக்கறாங்க. இந்த ரெண்டுக்கும் மருந்து, எந்த மொழி, எந்த எழுத்து முறைன்னு மெஷினுக்குச் சொல்ற லொக்கேல் செட்டிங், அதைக் கீழே இன்னொருத்தர் கேட்டிருக்கார்.

விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டர் உள்ள இருக்கற டெர்மினலுக்குத் தனி செட்டிங் இருக்கு, டெர்மினல் இன்டகிரேட்டட் ஃபான்ட் ஃபேமிலின்னு தேடுங்க. அதைக் காலியா விட்டா எடிட்டர் ஃபான்ட்டையே எடுத்துக்கும். விண்டோஸ் டெர்மினல்ல சரியாகி கோட்-ல பெட்டி வந்தா இதுதான் காரணம்.

கேள்வி: நான் ஒய்ட்ஃபீல்டுல வேலை பார்க்கறேன். என் லேப்டாப்ல எல்லாம் பிரமாதமா தெரியுது. அதே டெர்மினல்ல இருந்து எஸ்.எஸ்.எச். போட்டு கிளையன்ட் சர்வருக்குப் போனா ஐகான் எல்லாம் கேள்விக்குறி, ஒரே டெர்மினலைப் பல திரையா பிரிக்கற டீமக்ஸ் உள்ள போனா அண்டர்ஸ்கோர். ஃபான்ட் ஒண்ணுதானே?

பதில்: ஃபான்ட் ஒண்ணுதான், அதனாலதான் அதைத் தொடவே வேண்டாம். அந்த சர்வர்ல லொக்கேல்னு ஒரே வார்த்தை அடிச்சுப் பாருங்க. லேங்-ங்கற வேரியபிள் காலியாவோ, மத்ததெல்லாம் பாசிக்ஸ்னோ, வெறும் சி-ன்னோ காட்டும், பந்தயம் கட்டறேன். அப்படி இருந்தா அந்த மெஷினைப் பொறுத்தவரைக்கும் உலகத்துல இங்கிலீஷ் எழுத்தும் சில குறிங்களும் மட்டும்தான் இருக்கு, மத்ததுக்கெல்லாம் கேள்விக்குறி. லேங்-ஐ சி டாட் யூ.டி.எஃப்-8-ன்னு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஆனா எல்சி ஆல்-னு வேற எதாவது செட் ஆகியிருந்தா அதுதான் ஜெயிக்கும், லேங் சொல்றது எடுபடாது, அதையும் ஒரு கண்ணு பார்த்துக்கோங்க. டாக்கர் கன்டெய்னர் உள்ளயும் இதே கதைதான், சின்ன இமேஜுங்கள்ல லொக்கேலே செட் பண்ணாம விட்டிருப்பாங்க.

டீமக்ஸ் அண்டர்ஸ்கோர் போடறது அதோட ஸ்டைல். எதிர்ல இருக்கற டெர்மினலுக்கு யூ.டி.எஃப்-8 தெரியாதுன்னு அது முடிவு பண்ணிட்டா புரியாத எழுத்துக்கெல்லாம் கோடு போட்டுடும். டிடாச் பண்ணிட்டு, அதாவது செஷனை மூடாம வெளியில வந்துட்டு, டீமக்ஸ் கமாண்டோட ஹைஃபன் யூ சேர்த்து மறுபடி அட்டாச் பண்ணிப் பாருங்க.

மேக் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு துணுக்கு: மேக் டெர்மினல் எல்சி சிடைப்-ங்கற லொக்கேல் வேரியபிளை வெறும் 'யூ.டி.எஃப்-8'னு எஸ்.எஸ்.எச். வழியா தள்ளி விடும், லினக்ஸுக்கு அப்படி ஒரு லொக்கேல் பேரே கிடையாது, லாகின் ஆனதும் எச்சரிக்கை காட்டும். டெர்மினல் செட்டிங்ஸ்ல லொக்கேல் வேரியபிளை ஸ்டார்ட்அப்ல செட் பண்ற டிக்கை எடுத்து விடுங்க.

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு டீமுக்கு லீடா இருக்கேன். நியோவிம் எடிட்டர், ஐகானோட ஃபைல் லிஸ்ட் காட்டற எல்.எஸ்.டி. கமாண்ட் எல்லாத்துக்கும் செட்டிங்ஸ் எழுதி வெச்ச பழைய கான்ஃபிக் ஃபைல் ஒண்ணை எல்லாரும் பகிர்ந்து வெச்சிருந்தோம். புது லேப்டாப்ல லேட்டஸ்ட் நெர்ட் ஃபான்ட் போட்டதும் சில ஐகான் பெட்டியாச்சு, சிலது சைனீஸ் எழுத்தா மாறிடுச்சு! ஒரு பையன் வைரஸ்னு பயந்து ஐ.டி. டீமுக்கு டிக்கெட்டே போட்டுட்டான்.

பதில்: அந்தப் பையனை விட்டுடுங்க மேடம், பார்க்கறப்ப யாருக்கும் பகீர்னுதான் இருக்கும். இது 2023-ல வந்த நெர்ட் ஃபான்ட்ஸ் 3-வது வெர்ஷன் பண்ண வேலை, அதுவும் நியாயமான வேலை.

உலகத்து எழுத்துக்கெல்லாம் எண் குடுக்கற யூனிகோட்ல ஈ000-ல இருந்து எஃப்8எஃப்எஃப் வரைக்கும் (எழுத்தும் கலந்து வர்ற 16 அடிமான எண்ணுங்க இது) 6,400 இடத்தை யாருக்கும் குடுக்காம பிரைவேட் யூஸ் ஏரியான்னு காலியா விட்டிருக்காங்க. இந்த எண்ணுக்கு இந்த எழுத்துன்னு யூனிகோட் என்னைக்கும் சொல்லாது, அவங்கவங்க இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம். ஆப்பிள் தன்னோட லோகோவை கடைசி இடமான எஃப்8எஃப்எஃப்-ல வெச்சிருக்கு, மேக்ல இருந்து அதை அடிச்சு அனுப்பினா நம்ம பக்கம் பெட்டியா வர்றது அதனாலதான். நெர்ட் ஃபான்ட் ஐகானும் இந்தக் காலி மனையிலதான் குடியிருக்கு. பழைய வெர்ஷன்ல மெட்டீரியல் டிசைன்ங்கற தொகுப்போட ஐகானுங்களை எஃப்500-ல ஆரம்பிச்சு எஃப்டி46 வரைக்கும் அடுக்கிட்டாங்க. மனை முடியறது எஃப்8எஃப்எஃப்-ல. அதைத் தாண்டி எஃப்900-ல இருந்து சைனீஸ், கொரியன் எழுத்துங்களோட பட்டா நிலம், அதுக்கும் அந்தாண்ட அரபி எழுத்துங்க. ஐகானுங்க சுவர் தாண்டி அடுத்த வீட்டுல போய் உக்காந்திருந்துச்சு.

3-வது வெர்ஷன்ல அதையெல்லாம் காலி பண்ணி, எஃப்0000-ல ஆரம்பிக்கற வேற ஒரு பெரிய பிரைவேட் ஏரியாவுக்குக் கொண்டு போயிட்டாங்க. உங்க கான்ஃபிக்ல பழைய எண் அப்படியே இருக்கு, அதனால மனைக்குள்ள இருந்த ஐகான் பெரும்பாலும் பெட்டியாச்சு, வெளியில இருந்ததுக்கு அந்த இடத்தோட உண்மையான சொந்தக்கார சைனீஸ் எழுத்து வந்து நிக்குது.

ஐகான் பேர் முன்னாடி எம்டிஐ-ன்னு இருந்தது இப்ப எம்டி-ன்னு மாறியிருக்கு, கான்ஃபிக்ல அதைத் தேடிப் பிடிங்க. நிறைய ஃபைல் இருந்தா நெர்ட்ஃபிக்ஸ்-னு ஒரு டூல் இருக்கு, பழைய எண்ணைக் கண்டுபிடிச்சு புதுசா மாத்திக் குடுக்கும். கையால டெஸ்ட் பண்றப்ப ஒண்ணு கவனிங்க, புது எண்ணுங்க அஞ்சு இலக்கம், பாஷ்ல சின்ன யூ நாலு இலக்கத்தோட நின்னுடும், பெரிய யூ போட்டு எழுதணும், முன்னாடி பூஜ்யம் சேர்த்து எட்டு இலக்கமாக்கிட்டா பத்திரம், சின்ன யூ-வே போட்டா வேற எதாவது ஐகானும் பக்கத்துல ஒரு அனாதை எண்ணும் வரும்.

கேள்வி: சென்னையில அரசு ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், இப்ப அல்சூர்ல மகன் வீட்ல இருக்கேன். பழைய பென் டிரைவ்ல இருந்த என் தமிழ்க் கட்டுரைகளைப் பேரன் அவன் லினக்ஸ் லேப்டாப்ல, அந்தக் கறுப்புத் திரையில திறந்து காட்டினான். தமிழுக்குப் பதிலா குடை, மேகம், பிறைன்னு படமா வருது, நடுநடுவுல கட்டம். பேரன் விழுந்து விழுந்து சிரிக்கறான். என் எழுத்து எல்லாம் போயிடுச்சா?

பதில்: ஒரு எழுத்தும் போகலைங்க ஐயா, தைரியமா இருங்க. நீங்க அதை டேஸ்16-ங்கற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில தட்டச்சு பண்ணியிருக்கீங்கன்னு நினைக்கறேன். 2010-ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேர்த்து அதையும் தரமா அறிவிச்சது. யூனிகோட்ல 'கொ'ன்னா க-வுக்கு ஒரு எண், கொம்பும் காலும் சேர்ந்த குறிக்கு ஒரு எண். டேஸ்ல அப்படி இல்ல, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனியா ஒரே எண். 247 எழுத்துக்கும் கிரந்தத்துக்கும் இடம் வேணுமே, அதுக்கு அவங்க போன இடம், மேல மேடத்துக்குச் சொன்னேன் பாருங்க, அதே பிரைவேட் ஏரியா. ஈ100-ல இருந்து ஈ3எஃப்எஃப் வரைக்கும்.

பேரனோட நெர்ட் ஃபான்ட் அதே தெருவுல ஈ200-ல ஒரு ஐகான் கூட்டத்தையும், ஈ300-ல வானிலை ஐகான் கூட்டத்தையும் குடி வெச்சிருக்கு, நடுவுல கொஞ்சம் இடம் காலி. அதான் உங்க எழுத்துல சிலது மேகமாவும் குடையாவும் வருது, காலி இடத்துல விழுந்தது கட்டமா நிக்குது. ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அது பொது இடம். ஆனா என் அபிப்பிராயத்தைச் சொல்லிடறேன், ஒரு மொழியோட எழுத்தை அங்க கொண்டு போய் வெக்கறது ஆபத்து. பாமினி ஃபான்ட் காலத்துல ஃபைலோட ஃபான்ட்டையும் ஃப்ளாப்பில போட்டு எடுத்துட்டுப் போவோமே, அந்த அவஸ்தையில இருந்து தப்பிக்கத்தான் எல்லாரும் யூனிகோடுக்கு வந்தோம். ஐகான் மாறினா சிரிச்சுட்டுப் போயிடலாம், கட்டுரை மாறினா என்ன பண்றது?

இப்ப செய்ய வேண்டியது: அந்த ஃபைலைத் திறந்து சேவ் எதுவும் பண்ணாதீங்க, முதல்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. டேஸ்16 ஃபான்ட் ஒண்ணைப் போட்டு, டெர்மினல்ல இல்லாம லிப்ரே ஆபீஸ்ல திறந்தா தமிழ் தெரியும். அப்புறம் நிரந்தரமா யூனிகோடுக்கு மாத்திடுங்க. எழுத்துக்கு ஒரு எண்ங்கறதால மாத்தறது சிக்கலே இல்ல, எந்த எண் எந்த எழுத்துன்னு ஒரு டேபிள் போட்டா போதும், சிரிச்ச பேரனையே பைதான்ல எழுதச் சொல்லுங்க, ஒரு சாயங்கால வேலைதான்.

கேள்வி: கே.ஆர்.புரத்துல இருந்து எழுதறேன். ஐகான் வருது, ஆனா பாதி வெட்டுப்பட்டு வருது. இன்னொரு ஃபான்ட் போட்டா பொடிசா தெரியுது.

பதில்: நெர்ட் ஃபான்ட் மூணு தினுசுல வரும். பேர் கடைசில மோனோன்னு இருந்தா ஐகானை ஒரே கட்டத்துக்குள்ள அமுக்கி வெச்சிருப்பாங்க, வெட்டாது ஆனா பொடிசு. பின்னாடி ஒண்ணும் இல்லாத சாதா தினுசுல ஐகான் பெருசு, பக்கத்துக் கட்டத்துக்குள்ளயும் நீட்டிக்கும், அங்க வேற எழுத்து வந்தா வெட்டுப்படும். ப்ரோப்போன்னு இருக்கறது டெர்மினலுக்கே இல்ல. சாதா தினுசைப் போட்டு, ப்ராம்ப்ட் கான்ஃபிக்ல ஐகானுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடுங்க, அவ்வளவுதான். மேக்ல ஓடற ஐடெர்ம்2 டெர்மினல்ல 'ஆம்பிகுவஸ்' (அகலம் உறுதியில்லாத) எழுத்துங்களை ரெண்டு கட்டமா எடுத்துக்கற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணிடாதீங்க, ஐகான் பெருசாகற மாதிரி தெரியும், ஆனா கர்சர் ஒரு இடத்துல, எழுத்து ஒரு இடத்துலன்னு ஆயிடும்.

கேள்வி: ஜே.பி. நகர் வாசகி. ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வெப்பேன். ஃபைல் மேனேஜர்ல அழகா வருது, டெர்மினல்ல ஃபைல் லிஸ்ட் காட்டற எல்.எஸ். போட்டா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கிடக்கு. பக்கத்து சீட் கன்னடக்காரத் தோழிக்கு இதை விட மோசம். நல்ல தமிழ் நெர்ட் ஃபான்ட் இருக்கா?

பதில்: ஃபான்ட் மாத்தி இது தீராதும்மா. டெர்மினல் பொறந்ததே ஒரே அகலக் கட்டத்துல ஒரு எழுத்துங்கற கணக்குல. நம்ம 'ர'-வும் 'ணை'-யும் ஒரே அகலத்துல அடங்குமா? அடக்கினா ஒண்ணு நீஞ்சும், இன்னொண்ணு நசுங்கும். அது போக 'கொ'-வுல க-வுக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால், இதை எத்தனை கட்டம்னு எண்ணறதுல ஷெல் ஒரு கணக்கு, டெர்மினல் ஒரு கணக்கு வெச்சிருந்தா வரி கோணலாகும், பேக்ஸ்பேஸ் அடிச்சா வேற எழுத்து அழியும். உங்க தோழிக்கு ஒத்தெழுத்து வேற அடியில தொங்கணும், கட்டத்துக்குக் கீழே இடம் ஏது.

கொஞ்சம் தேவலைன்னா கான்சோல், கிட்டி, எம்எல்டெர்ம்ங்கற டெர்மினலுங்கள்ல எதையாவது முயற்சி பண்ணிப் பாருங்க, எம்எல்டெர்ம் இந்திய மொழிகளையும் மனசுல வெச்சே எழுதினது, ஆனா பார்க்க பழங்காலத்து ஆள் மாதிரி இருக்கும். ஃபான்ட் லிஸ்ட்ல முதல்ல நெர்ட் ஃபான்ட், அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ்னு வரிசை குடுங்க. நான் பண்றது, டெர்மினல்ல வேலை பண்ற ஃபோல்டருக்கு இங்கிலீஷ் பேர், தமிழ்ப் பேரெல்லாம் டாக்குமென்ட்ஸ் பக்கம். பிடிக்காமத்தான் பண்றேன்.

கேள்வி: எஸ்.பி. ரோட்டுல வாங்கின பழைய லேப்டாப்ல டெபியன் லினக்ஸ் போட்டேன், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தினா வர்ற திரையில நெர்ட் ஃபான்ட் எப்படிப் போடறது?

பதில்: போட முடியாது. அது லினக்ஸோட மையமான கர்னல் தானே காட்டற கன்சோல், அதிகபட்சம் 512 வடிவம்தான் அதோட ஃபான்ட்டுக்குள்ள அடங்கும். அங்க மட்டும் சிம்பிள் ப்ராம்ப்ட் வர்ற மாதிரி, டெர்ம் வேரியபிள் லினக்ஸ்னு இருந்தா ஸ்டார்ஷிப்பைக் கூப்பிடாதேன்னு பாஷ் கான்ஃபிக்ல ஒரு இஃப் போடுங்க.

கேள்வி: ஆபீஸ் மெஷின்ல ஃபான்ட் இன்ஸ்டால் பண்ணவே விட மாட்டேங்கறாங்க. மான்யதா டெக் பார்க்ல இருந்து ஒருத்தி.

பதில்: ஸ்டார்ஷிப்ல ப்ரீசெட்னு ரெடிமேட் செட்டிங்ஸ் இருக்கு, அதுல 'நோ நெர்ட் ஃபான்ட்'னே ஒண்ணு வெச்சிருக்காங்க, 'ப்ளெய்ன் டெக்ஸ்ட் சிம்பல்ஸ்'னு இன்னொண்ணு. ரெண்டாவதைப் போட்டா பிராஞ்ச், பைதான்னு எல்லாம் வெறும் எழுத்துல வரும், எந்த ஃபான்ட்டும் கேக்காது, எந்த மெஷின்ல போய் உக்காந்தாலும் ஒரே மாதிரி தெரியும். ஐகான்தான் வேணும்னா வெஸ்டெர்ம்ங்கற டெர்மினலோட போர்ட்டபிள் ஜிப் இருக்கு, அதுக்குள்ளயே நெர்ட் ஐகானுங்க வெச்சு வருது, இன்ஸ்டால் வேலை இல்ல. ஆனா வெளி சாஃப்ட்வேர் ஓட்டலாமான்னு உங்க செக்யூரிட்டி ஆளுங்களைக் கேட்டுட்டு ஓட்டுங்க.